வேரடி மண்ணைப் படித்த அம்மையார் ஜோஹன்னா டோபரைனர்



நடவுக் காலத்தில் கிராமத்துப் பக்கம் சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருக்கலாம். வயல் வரப்பில் உழவர் ஒருவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, அதிலுள்ள கறுப்புப் பொடியைத் தண்ணீரில் கரைக்கிறார். நாற்று முடிகளின் வேர்களை அதில் சிறிது நேரம் நனைய விட்டு, அதன் பிறகே நடவுக்கு எடுத்துக் கொடுக்கிறார். விதைக்கும் பயிராக இருந்தால் அதே பொடியை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையின் மேல் பூசி நிழலில் உலர்த்துகிறார். பொட்டலத்தின் மேல் அசோஸ்பைரில்லம் என்று அச்சிட்டிருக்கும். சற்றே வாய்க்குள் நுழையாத இந்தப் பெயர் தமிழ்நாட்டு உழவர்களுக்கு இன்று நன்கு பழகிய பெயர்.

அது ஒரு பாக்டீரியாவின் பெயர். கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்ணுயிரைப் புல்லின் வேரிலிருந்து பிரித்தெடுத்து, அதன் பயனை உலகறியச் செய்து, அதற்குரிய பெயரைச் சூட்டியவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண்மணி. பிறந்த மண்ணை விட்டு அகதியாக வெளியேறி, மாட்டுத் தொழுவத்தில் பால் கறந்து பிழைத்து, கடல் கடந்து சென்று, அந்நிய நாட்டின் மண்ணைத் தம் மண்ணாக்கிக்கொண்டவர் அவர். பெயர் ஜோஹன்னா டோபரைனர். அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

காற்றில் உள்ள செல்வம்

அம்மையாரின் பணியை விளங்கிக்கொள்ள முதலில் ஒரு செய்தியை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 78 சதவீதம் நைட்ரஜன். பயிர்கள் பச்சைப் பசேலென்று வளர இதே நைட்ரஜன்தான் வேண்டும். உழவர்கள் இதைத் தழைச்சத்து என்பார்கள். ஆயினும் தலைக்கு மேல் இவ்வளவு நைட்ரஜன் இருந்தும், பயிரால் அதை நேரே எடுத்துக்கொள்ள முடியாது. கடல் நடுவே நின்றுகொண்டு குடிக்க நீரின்றித் தவிப்பவன் நிலைதான் பயிரின் நிலையும்.

ஆகவே மனிதன் தொழிற்சாலையில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குகிறான். அதற்கு நானூறு டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும், ஏராளமான எரிபொருளும் தேவை. அதே வேலையைச் சில பாக்டீரியாக்கள் சாதாரண மண்ணில், சாதாரண வெப்பத்தில், ஓசையின்றிச் செய்து முடிக்கின்றன. ஒரு வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் கடுகு போன்ற முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். ரைசோபியம் இனத்துப் பாக்டீரியாக்கள் குடியிருந்து செடிக்குத் தழைச்சத்து ஊட்டும் இடம் அது. உளுந்து, பாசிப்பயறு, சோயா மொச்சை ஆகியவற்றுக்கும் இந்த உதவி உண்டு.

நெல், கோதுமை, சோளம், கரும்பு முதலியவை புல் இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் வேரில் முடிச்சுகள் இல்லை. ஆகையால் இவற்றுக்கு இத்தகைய துணைவர் எவருமில்லை என்றே விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். அந்த எண்ணத்தை அசைத்துப் பார்த்தவரே நம் அம்மையார்.

இளமையும் இடர்களும்

1924-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள், அந்நாளைய செக்கோஸ்லோவாக்கியாவில் ஆவுசிக் என்னும் ஊரில் ஜோஹன்னா பிறந்தார். இன்று அவ்வூருக்கு உஸ்தி நாட் லாபெம் என்று பெயர். குடும்பத்தார் ஜெர்மன் மொழி பேசுவோர். தந்தை பவுல் குபெல்கா ஒரு வேதியியல் அறிஞர். வண்ணப் பூச்சின் மேல் விழும் ஒளி எவ்வாறு சிதறித் திரும்புகிறது என்பதைக் கணக்கிட, மூங்க் என்பவரோடு சேர்ந்து அவர் 1931-இல் வெளியிட்ட சமன்பாடுகளை இன்றும் தொழில் துறையில் பயன்படுத்துகின்றனர். மகளும் வளர்ந்தது பிராக் நகரின் படிப்புச் சூழலிலேதான்.

பிறகு வந்தது இரண்டாம் உலகப் போர். 1945-இல் போர் முடிந்தபோது அந்நாட்டில் வாழ்ந்த ஜெர்மன் மொழியினர் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஜோஹன்னாவின் குடும்பமும் சிதறிற்று. தாயை இழந்தார். முதுமையுற்ற தாத்தா பாட்டியோடு ஜெர்மனிக்குச் சென்று, பண்ணை வேலைக்குப் போனார். மாடுகளுக்குப் பால் கறந்தார். வயலுக்கு எரு சுமந்து இறைத்தார். அப்போது அவருக்கு வயது இருபதுக்குச் சற்று மேல்.

பேராசிரியரின் மகள் தொழுவத்தில் வேலை செய்ய நேர்ந்ததே என்று நாம் இரங்குவோம். ஆனால் எருவுக்கும் பயிருக்கும் உள்ள உறவை அவர் கையால் தொட்டுப் பழகிய காலம் அது. 1947-இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படிக்கச் சேர்ந்தார். செடியின் வேரைச் சுற்றியுள்ள மண் மற்ற மண்ணைப் போன்றதன்று, அது நுண்ணுயிர்கள் நெருங்கி வாழும் தனி உலகம் என்று 1904-இல் எடுத்துக் கூறி, அதற்கு வேர்மண்டலம் என்று பொருள்படும் பெயரையும் தந்த லோரன்ஸ் ஹில்ட்னர் பணியாற்றிய நகரமும் மியூனிக்தான். அந்த வேர்மண்டலமே பின்னாளில் ஜோஹன்னாவின் வாழ்நாள் களமாயிற்று.

மியூனிக்கில் கால்நடை மருத்துவம் பயின்ற யூர்கன் டோபரைனரை 1950-இல் மணந்தார். தந்தையார் முன்னரே பிரேசில் நாட்டுக்குச் சென்றிருந்தார். இளம் தம்பதியரும் அங்கேயே கப்பலேறினர்.

கிலோமீட்டர் 47

ரியோ டி ஜனீரோ நகரிலிருந்து சாவோ பாலோ செல்லும் பழைய நெடுஞ்சாலையில் 47-ஆவது கிலோமீட்டரில் சேரோபெடிக்கா என்னும் சிற்றூர் உள்ளது. ஒரு காலத்தில் பட்டு வளர்ப்புக்குப் பேர்போன இடம். ஊரின் பெயரே பட்டுத் தொழிலிலிருந்து வந்தது. அங்கே வேளாண் அமைச்சகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அதன் தலைவர் ஆல்வரோ பார்செலோஸ் ஃபாகுண்டெஸ் மண் ஆராய்ச்சியில் வல்லவர். வேலை தேடி வந்த இளம் பெண்ணுக்கு அவர் மண் நுண்ணுயிரியல் கூடத்தில் இடம் கொடுத்தார்.

அத்துறையில் அவருக்கு அனுபவம் கிடையாது. நாட்டு மொழியாகிய போர்த்துக்கீசியமும் புதிது. எனினும் தயங்கவில்லை. 1951-இல் தொடங்கிய அந்த வேலையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அதே ஊரில் நிலைத்தார். கணவரும் அங்கேயே கால்நடைகளுக்கு நஞ்சாகும் செடிகளை ஆராய்ந்து பெரும் புகழ் பெற்றார். மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அம்மையார் ஆராய்ச்சியும் செய்தார். 1956-இல் பிரேசில் குடியுரிமை பெற்றார். 1963-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றுத் திரும்பினார்.

தொடக்கத்தில் அவர் கவனித்தது கரும்புத் தோட்டத்து மண்ணை. கரும்பின் வேரடியில் எடுத்த மண்ணையும், வரிசைகளுக்கு நடுவே எடுத்த மண்ணையும் ஒப்பிட்டபோது, காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கும் பெய்யரிங்கியா என்னும் பாக்டீரியா வேரடியிலே மிகுந்திருந்தது. இது தற்செயலா? கரும்பு வேர் தானே அவற்றை அழைத்து வைத்துக்கொள்கிறதா? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1958-இல், உடன் பணியாற்றிய ருஷெல் என்பவரோடு சேர்ந்து அவ்வினத்தில் ஒரு புதிய சிற்றினத்தை விவரித்து, ரியோ மாநிலத்தைக் குறிக்கும் வகையில் ஃப்ளுமினென்சிஸ் என்று பெயரிட்டார்.

அடுத்துத் தரையிலே படர்ந்து கிடக்கும் பாஸ்பாலம் என்னும் புல்லின் மேல் அவர் பார்வை விழுந்தது. உரம் போடுவார் இல்லாமலே அது பச்சை மாறாமல் இருந்தது. நாள்தோறும் எத்தனையோ பேர் மிதித்து நடந்த புல்தான்! அதன் வேரைக் கழுவி ஆராய்ந்தபோது வேரின் மேற்பரப்பில் ஒரு புதிய அசோடோபாக்டர் ஒட்டி வாழ்வதைக் கண்டார். மற்றப் புற்களின் வேரில் அது அரிதாகவே கிடைத்தது. 1966-இல் அந்தப் புல்லின் பெயரையே சேர்த்து அசோடோபாக்டர் பாஸ்பாலி என்று அதற்குப் பெயரிட்டார். ஒரு குறிப்பிட்ட புல்லும் ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவும் துணையாக வாழ்கின்றன என்று காட்டியது பெரிய செய்தியாயிற்று.

சோயா தந்த பாடம்

இதே காலத்தில் வேறொரு பொறுப்பும் அவருக்கு வந்தது. 1960-களில் பிரேசில் சோயா மொச்சையைப் பெரிய அளவில் பயிரிட முனைந்தது. நல்ல ரகங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அம்மையாரும் இருந்தார். தழைச்சத்து உரம் இட்ட வயலிலே தேர்வு செய்யக் கூடாது, வேர்முடிச்சுப் பாக்டீரியாவை மட்டும் நம்பி வளர்த்துத் தேர்வு செய்ய வேண்டும் என்று அவர் உறுதியாக வாதாடினார். காரணம் எளியது. தட்டில் சோறு வந்துகொண்டிருந்தால் அடுப்பு மூட்டத் தோன்றாது. உரம் கிடைத்த செடியும் அப்படித்தான். வேரில் முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். உரமின்றி வளர்க்கும்போதுதான் எந்த ரகம் பாக்டீரியாவோடு நன்றாகக் கூடி வாழ்கிறது என்பது தெரியும்.

அந்த வழியிலேயே பிரேசில் சென்றது. இன்று உலகிலேயே மிகுதியாகச் சோயா விளைவிக்கும் நாடு அது. அப்பயிருக்கு அங்கே பெரும்பாலும் தழைச்சத்து உரம் இடுவதில்லை. விதையோடு பாக்டீரியாவைக் கலந்து விதைக்கிறார்கள். இதனால் அந்நாட்டுக்கு ஆண்டுதோறும் மிச்சமாகும் பணம் நூறு கோடி டாலருக்கும் மேல்.

மெல்லிய திரையில் தெரிந்த உண்மை

1973-இல் பெட்ரோலிய நெருக்கடி ஏற்பட்டது. உரத்தின் விலையும் ஏறிற்று. ஏழை நாடுகளின் உழவர்கள் என்ன செய்வார்கள்? புல் இனப் பயிர்களுக்கும் இயற்கைத் துணை உண்டா என்ற கேள்வி அவசரக் கேள்வி ஆயிற்று.

டச்சு அறிஞர் பெய்யரிங்க் 1920-களில் சுருள் வடிவான ஒரு பாக்டீரியாவை விவரித்து ஸ்பைரில்லம் லிப்போஃபெரம் என்று பெயரிட்டிருந்தார். அதன் உடலுக்குள் கொழுப்புத் துளிகள் மின்னுவதால் கொழுப்பைச் சுமப்பது என்று பொருள்படும் அப்பெயர். பின்னர் பல்லாண்டுகள் அதை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1970-களின் நடுவில் அம்மையாரும், இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஜான் டே என்பவரும் அதைப் பாங்கோலா புல்லின் வேரில் ஏராளமாகக் கண்டனர். தேடத் தேட மக்காச்சோள வேரிலும் வேறு பல புற்களின் வேரிலும் கிடைத்தது.

அவ்வளவு பரவலாக வாழும் உயிரை இத்தனை நாள் ஏன் எவரும் காணவில்லை? இங்கேதான் அம்மையாரின் தனித் திறமை விளங்குகிறது. நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியாவுக்கு ஒரு சங்கடம் உண்டு. மூச்சுக்கு அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆனால் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். வழக்கமான முறையில் கெட்டியான உணவுத் தட்டின் மேற்பரப்பில் வளர்த்தால் காற்று மிகுதி. அடியில் மூழ்கடித்தால் காற்றே இல்லை. இரண்டிலும் அது தன் திறமையைக் காட்டாது.

அம்மையார் கெட்டியும் இல்லாமல் நீரும் இல்லாமல் இளகிய உணவுக் கூழ் ஒன்றைப் பயன்படுத்தினார். வீட்டில் இனிப்புச் செய்யும் கடற்பாசி இருக்கிறதல்லவா, அதைப் போன்ற அகர் என்னும் பொருளை மிகச் சிறிதளவே சேர்த்தால் இந்தப் பதம் வரும். உணவாக மாலிக் அமிலம், வேண்டிய உப்புகள், நிறம் காட்டும் ஒரு சாயம். நைட்ரஜன் மட்டும் வேண்டுமென்றே விலக்கப்பட்டிருக்கும். தனக்கு வேண்டியதைக் காற்றிலிருந்து பிடிக்கத் தெரிந்த உயிரே அதில் செழிக்கும்.

வேரை நன்றாகக் கழுவி, நசுக்கி, பல மடங்கு நீர்த்து, அதில் ஒரு துளியை இக்கூழ் உள்ள சிறு கண்ணாடிக் குப்பியில் விடுவார்கள். அசைக்காமல் சில நாள் வைத்திருப்பார்கள். பாக்டீரியாக்கள் நீந்திச் சென்று, மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே, காற்று அளவாக உள்ள இடத்தைத் தாமே தேடிக்கொண்டு அங்கே கூடும். வெண்ணிறத்தில் மெல்லிய திரை ஒன்று தோன்றும். ஆறிய பாலின் மேல் படியும் ஏட்டைப் போன்றது. ஆனால் மேலே மிதக்காமல் சற்று உள்ளே தொங்கும். பச்சையாக இருந்த கூழ் நீலமாக மாறும். விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாம். உற்று நோக்கும் கண்ணும் பொறுமையும் போதும். ஏழை நாட்டு ஆராய்ச்சிக்கூடங்களிலும் இம்முறை விரைவில் பரவிற்று.

பெயரிடுவதும் பெரும் பொறுப்பே

திரை தோன்றிவிட்டால் புதிய இனம் கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. அதிலிருந்து மீண்டும் மீண்டும் பிரித்து, ஒரே உயிரிலிருந்து பெருகிய தூய கூட்டத்தைப் பெற வேண்டும். நுண்ணோக்கியில் வடிவம், பருமன், நீந்தும் விதம் பார்க்க வேண்டும். எந்தச் சர்க்கரையை உண்கிறது, எந்த வைட்டமின் இல்லாவிட்டால் வளராது, எவ்வளவு புளிப்பைத் தாங்கும் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். பிறகு அதன் டி.என்.ஏ.வை, முன்பே அறியப்பட்ட இனங்களின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட வேண்டும். இவ்வளவுக்கும் பிறகே பெயர்.

ஸ்பைரில்லம் லிப்போஃபெரம் என்று அழைக்கப்பட்ட கூட்டத்தை அம்மையாரும் அமெரிக்க அறிஞர்களான டாரண்ட், கிரீக் ஆகியோரும் இவ்வாறு ஆராய்ந்தனர். ஒன்று என்று எண்ணியிருந்தது இரண்டாக நின்றது. ஒரு கூட்டத்துக்கு பயோட்டின் என்னும் வைட்டமின் தேவை. குளுக்கோஸையும் அது பயன்படுத்தும். மற்றொன்று அப்படியன்று. டி.என்.ஏ.யும் இவ்வேற்றுமையை உறுதிப்படுத்தியது. ஆகவே 1978-இல் அசோஸ்பைரில்லம் என்ற புதிய பேரினம் உருவாயிற்று. அதில் பழைய பெயரோடு லிப்போஃபெரம் ஒன்று. பிரேசில் நாட்டின் பெயரோடு பிரேசிலென்ஸ் மற்றொன்று. நம் உழவர் கையில் உள்ள பொட்டலத்தின் பெயர் பிறந்த கதை இதுதான்.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் சுவையானது. மக்காச்சோளம், சோளம், நெல் ஆகியவற்றின் வேர்களில் சுருள் வடிவான வேறொரு பாக்டீரியா கிடைத்தது. அதுவும் அதே கூழில் அதே போன்ற திரையை உண்டாக்கியது. எனவே அதை அசோஸ்பைரில்லத்தின் இன்னொரு சிற்றினமாகக் கருதி, ஊரின் பெயரால் சேரோபெடிக்கே என்று அழைத்தனர். ஆனால் நுணுக்கமாக ஒப்பிட்டபோது அது அசோஸ்பைரில்லத்துக்கு உறவே அல்ல என்று தெரிந்தது. தோற்றம் ஒன்றாயினும் குலம் வேறு. உடனே தம் முந்தைய கருத்தைத் தாமே திருத்தி, 1986-இல் ஹெர்பாஸ்பைரில்லம் என்ற தனிப் பேரினமாக அம்மையாரின் குழுவினர் அதை அறிவித்தனர். புல்லில் வாழும் சிறு சுருள் என்பது பெயரின் பொருள்.

புகழ்ச்சியும் சோதனையும்

1975-ஆம் ஆண்டை ஒட்டி அம்மையாரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. மக்காச்சோள வேரில் உள்ள பாக்டீரியா மிகுதியாக நைட்ரஜன் பிடிக்கிறது என்ற அவரது ஆய்வு முடிவைப் பத்திரிகைகளும் அறிஞர்களும் ஆவலோடு வரவேற்றனர். இனி தானியப் பயிர்களுக்கே உரம் வேண்டாமோ என்று கூடப் பலர் கனவு கண்டனர்.

ஆனால் பிற நாட்டு ஆராய்ச்சியாளர் அளந்தபோது அவ்வளவு கிடைக்கவில்லை. குறை அளக்கும் முறையில் இருந்தது. வேரைத் துண்டித்து ஒரு புட்டியில் இரவு முழுவதும் வைத்திருந்து மறுநாள் அளந்தனர். அந்த இரவுக்குள் பாக்டீரியாக்கள் புட்டியிலேயே பெருகிவிட்டன. ஆகவே வயலில் உள்ளதைவிட மிகுதியான அளவு காட்டியது. கடுமையான விமர்சனங்கள் எழுந்தன. ஆர்வத்தோடு ஓடி வந்த பலர் அதே வேகத்தில் விலகிச் சென்றனர்.

புகழின் உச்சியில் இப்படி ஒரு சரிவு நேர்ந்தால் மனம் உடைந்து போவோரே மிகுதி. அம்மையார் களத்தை விட்டு நகரவில்லை. மேலும் திருத்தமான முறைகளை அவரது குழு கைக்கொண்டது. எடை கூடிய நைட்ரஜனை அடையாளமாக வைத்து, பயிரில் உள்ள தழைச்சத்தில் எவ்வளவு மண்ணிலிருந்து வந்தது, எவ்வளவு காற்றிலிருந்து வந்தது என்று பிரித்தறியும் முறை அது. காலப்போக்கில் உண்மை தெளிந்தது. அசோஸ்பைரில்லம் கொஞ்சம் நைட்ரஜன் தருகிறது. அதைவிட முக்கியமாக, வேரைக் கிளைத்து வளரச் செய்யும் ஊக்கிகளைச் சுரந்து, பயிர் நீரையும் சத்தையும் நன்றாக உறிஞ்ச உதவுகிறது. முதலில் கண்ட கனவு அப்படியே பலிக்கவில்லை. ஆனாலும் உழவருக்குப் பயன் உண்டு என்பது நிலைத்தது.

கரும்புக்குள் ஒரு விருந்தாளி

அறுபது வயதைத் தாண்டிய பிறகும் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று அவருக்காகக் காத்திருந்தது. இளமையில் தொடங்கிய கரும்புக்கே அவர் மீண்டும் வந்தார். கரும்பின் உள்ளே சர்க்கரை மிகுதி, புளிப்பும் உண்டு. அங்கே வாழும் உயிரைப் பிடிக்க வேண்டுமானால் அதே சூழலை அமைத்துத் தர வேண்டும் என்று எண்ணி, நூற்றுக்குப் பத்துப் பங்கு கரும்புச் சர்க்கரை சேர்த்துக் கூழ் தயாரித்தனர். அவரும் அவரிடம் பயின்ற கவல்கான்டே என்பவரும் 1988-இல் அந்த உயிரை வெளிப்படுத்தினர். காடியை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு அது உறவு. வெறும் மண்ணில் அது நெடுநாள் தங்குவதில்லை. கரும்பின் வேரிலும் தண்டிலும் உள்ளேயே குடியிருக்கிறது. நடும் கரணை வழியாகவே அடுத்த தலைமுறைக் கரும்புக்கும் செல்கிறது. அசிட்டோபாக்டர் டயசோட்ரோபிகஸ் என்று முதலில் அழைக்கப்பட்ட அது, பின்னர் குளுக்கோனசிட்டோபாக்டர் என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது.

பிரேசிலின் சில கரும்பு ரகங்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்தே பெறுகின்றன என்று சேரோபெடிக்காவில் நடந்த சோதனைகள் 1992-இல் காட்டின. எல்லா ரகத்துக்கும் எல்லா மண்ணுக்கும் இது பொருந்தாது. எனினும் முடிச்சு இல்லாத புல் இனப் பயிருக்கும் இயற்கைத் துணை உண்டு என்ற அம்மையாரின் நாற்பதாண்டு நம்பிக்கை வீண் போகவில்லை.

பெருமைகளும் இறுதி நாட்களும்

1978-இல் திருத்தந்தையின் விஞ்ஞானக் கழகத்தில் அம்மையார் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். உலகின் தலைசிறந்த விஞ்ஞானிகளை, அவர்கள் எச்சமயத்தவராயினும், ஒன்று கூட்டும் அவை அது. 1979-இல் அமெரிக்க நாடுகள் அமைப்பின் பெர்னார்டோ ஹௌசே பரிசும், 1989-இல் யுனெஸ்கோவின் அறிவியல் பரிசும், 1992-இல் மெக்சிக்கோ நாட்டின் அறிவியல் பரிசும் அவரைத் தேடி வந்தன. பரிசுகளைப் பெற்றுக்கொண்டு திரும்பவும் கிலோமீட்டர் 47-க்கே வந்தார். அவரிடம் பயின்ற மாணவ மாணவியர் பலர் இன்று பிரேசிலின் சிறந்த விஞ்ஞானிகளாக விளங்குகின்றனர்.

2000-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், தம் எழுபத்தைந்தாம் வயதில், சேரோபெடிக்காவிலேயே அம்மையார் உயிர் நீத்தார். மறு ஆண்டில் இரண்டு புதிய பாக்டீரியாக்களுக்கு அறிஞர்கள் அவரது நினைவாகப் பெயரிட்டனர். ஒன்று அசோஸ்பைரில்லம் டோபரைனரே; அவர் வளர்த்த பேரினத்திலே அவர் குடும்பப் பெயர். மற்றொன்று மெக்சிக்கோவில் காப்பிச் செடியின் வேரடி மண்ணில் கிடைத்தது. குளுக்கோனசிட்டோபாக்டர் ஜோஹன்னே என்று அதற்கு அவருடைய சொந்தப் பெயர். எத்தனையோ உயிர்களுக்குப் பெயர் சூட்டியவரின் பெயர் அவர் தேடித் திரிந்த வேரடி மண்ணிலேயே நிலைத்துவிட்டது.

மாணவியரே! அம்மையாருக்குப் பெரிய கருவிகள் இருக்கவில்லை. தொடங்கும்போது அத்துறையில் பயிற்சியும் இருக்கவில்லை. எல்லாரும் மிதித்துச் செல்லும் புல்லை அவர் குனிந்து பார்த்தார். எந்த உயிரைத் தேடினாரோ அதற்கு என்ன வேண்டும் என்று முதலில் யோசித்தார். கணக்குத் தவறியபோது ஒளிக்காமல் திருத்திக்கொண்டார். இம்மூன்றும் நம் ஒவ்வொருவராலும் கைக்கொள்ளக் கூடியவையே.

அடுத்த முறை பள்ளித் தோட்டத்தில் களை பிடுங்கும்போது, பிடுங்கிய புல்லை உடனே எறிந்துவிடாதீர்கள். வேரோடு ஒட்டியுள்ள மண்ணை ஒரு நிமிடம் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இன்னும் பெயர் சூட்டப்படாத உயிர்கள் அதில் எத்தனையோ உண்டு. அவற்றுள் ஒன்றுக்குப் பெயரிடப் போகிறவர் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.